சாவிக்கொத்தில் தொங்கிய கறுப்புத் திரை

எங்கள் பழைய கம்பெனியின் வாட்ஸ்அப் குழுவில் நான் இன்னும் இருக்கிறேன். என்னை நீக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது. போன மாதம் அதில் ஒரு படம் போட்டார்கள். புதிதாக வாங்கிய லேப்டாப். அதன் விலாவில் இருந்த யுஎஸ்பி துளைகளில் கறுப்புப் பசை ஊற்றி அடைத்திருந்தார்கள். இனி எல்லா வேலையும் பிரவுசர் வழியாகத்தான், தம்ட்ரைவோடு, அதுதான் பென்டிரைவோடு, யாரையாவது பிடித்தால் அன்றைக்கே வேலை போய்விடும் என்று கீழே ஓர் அறிவிப்பு.

அறிவிப்புக்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல் படங்கள். கட்டைவிரலைத் தூக்கியவர்களை எனக்குத் தெரியும். பாதிப் பேர் வருடக்கணக்கில் தம்ட்ரைவை வைத்தே சோறு சாப்பிட்டவர்கள்.

புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் மட்டும், "அங்கிள் செல்வா, நீங்கல்லாம் அப்போ ஆபிஸையே சாவிக்கொத்துல மாட்டிக்கிட்டு சுத்துனீங்களாமே, எழுதுங்க லா, படிப்போம்" என்று கேட்டிருந்தார். எழுதுகிறேன். ஆட்களின் பெயர்களை மாற்றிவிட்டேன். ஊர்ப் பெயர்களை மாற்றவில்லை. கிள்ளானையும் டெங்கிலையும் மாற்றினால் எனக்கே கதை மறந்துபோகும்.

நான் படித்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவன் அல்ல. மலேசியாவின் கிள்ளானில் ரயில்வே குடும்பம். பதினேழு வயதில் ஐந்தாம் படிவத்தோடு பள்ளியை நிறுத்திக்கொண்டு, பி.ஜே. என்று நாங்கள் சொல்லும் பெட்டாலிங் ஜெயாவின் தொழிற்சாலைகளில் கூரைத் தகட்டுக்கு மேலே தவழ்ந்து கேபிள் இழுத்தேன். இழுத்த கேபிளின் அந்த முனையில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கப் போய் நெட்வொர்க் வேலைக்குள் விழுந்தேன். எனக்குப் பாடம் எடுத்ததெல்லாம் திரையில் வந்த பிழைச் செய்திகள்தான். என் பயிற்சிக் காலம் அவ்வளவுதான், அதைப் பெரிதாக நீட்ட ஒன்றுமில்லை.

வேலையைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். ஒரு கட்டடத்தில் இருக்கும் கணினி, கேமரா, அலாரம் எல்லாவற்றையும் கேபிளால் கட்டிச் சேர்க்கும் தட்டையான இரும்புப் பெட்டி ஒன்று உண்டு. சுவிட்ச் என்போம். அதற்குத் திரையும் கிடையாது, பொத்தானும் கிடையாது. அதனிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் பக்கத்தில் இருக்கும் கணினியில் டெர்மினல் புரோகிராமைத் திறக்க வேண்டும். கறுப்பாக ஒரு சன்னல் வரும். பெயர் கேட்கும், கடவுச்சொல் கேட்கும். உள்ளே போனபின் கட்டளையைத் தட்டினால் சுவிட்ச் பதில் சொல்லும். ஒரு வரி தப்பாகப் போனால் பதிலே சொல்லாது. அப்படி ஒரு தடவையாவது வெளியே பூட்டிக்கொண்டு நிற்காதவன் எங்கள் வேலைக்காரனே இல்லை.

எங்கள் குழுவுக்கு லேப்டாப் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தாலும் துறைமுகத்துப் பக்கம் உள்ள கிடங்குகளில் வெளி லேப்டாப்பை விடமாட்டார்கள். வாசலில் காவலுக்கு நிற்கும் ஒரு ஜாகா என்னைப் பார்க்கும்போதெல்லாம், "மனச கொண்டு போலாம் பாங், லேப்டாப் தாக் போலே, கூடாது" என்பார். பாங் என்றால் அண்ணன். நல்ல மனுஷன். அந்த வாசகத்தை நான் எங்கே போனாலும் சொல்லிச் சிரிப்பேன். கிடங்கு ஆபிஸில் இருக்கும் கணினியில் எதையும் நிறுவவும் கூடாது. எப்படித்தான் வேலை செய்வது? டெர்மினல் புரோகிராம் நகத்தளவு சின்னது. நிறுவத் தேவையில்லை, தம்ட்ரைவில் போட்டுக்கொண்டு போய்ச் செருகினால் அங்கிருந்தே ஓடும். ஆகவே எங்கள் எல்லோருடைய சாவிக்கொத்திலும் மோட்டார் சாவிக்குப் பக்கத்தில் ஒரு தம்ட்ரைவ் தொங்கியது. எழுதாத விதி அது. எழுதிய விதி வேறு மாதிரி இருந்தது. அந்தக் காகிதத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட்டிருந்தோம்: வெளிச் சாதனம் எதையும் வாடிக்கையாளரின் கணினியில் செருகக் கூடாது.

எங்களுக்கு மேலே இருந்தவர் தயாளன் சார். என்னைவிட வயதில் சின்னவர். என்னை "அண்ணே" என்பார். குழுவில் இருந்த ஒரே பெண்ணான ரோஸ்லினை "தங்கச்சி" என்பார். தோளைத் தொட்டுப் பேசுவார், சட்டைக் கையை மடித்துக்கொண்டே பேசுவார். அவர் எதையும் எழுதமாட்டார். நாம் மெசேஜில் ஒரு கேள்வி கேட்டால் பதில் மெசேஜ் வராது, போன் அடிக்கும். "அண்ணே, எதுக்கு எழுதிக்கிட்டு. நாம குடும்பம் மாதிரி இல்லையா? வாயால சொன்னா போதாதா?" என்பார். எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது. எழுதினால் இங்கிலீஷில் எழுத வேண்டும், பேசினால் தமிழில் பேசலாம் அல்லவா.

கடவுச்சொல்லையும் அவர் அப்படித்தான் வைத்திருந்தார். சுவிட்சுகளில் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பெயர், ஆனால் எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல். "வீட்டுல ஆளுக்கு ஒரு சாவியா வச்சிருக்கோம்?" என்று கேட்பார். அதற்கும் சிரித்தோம்.

ரோஸ்லின் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ்காரர். அவர் அப்பா அங்கே ரயில்வேயில் இருந்தவர். ரோஸ்லின் என்னைப் போல இல்லாமல் டிப்ளமா படித்தவர். கை சுத்தம், வேலை சுத்தம். புரோகிராமில் இருக்கும் ஒரு நுணுக்கத்தை எனக்குப் பிரித்துச் சொன்னவரே அவர்தான். சாதாரணப் புரோகிராமைத் தம்ட்ரைவில் போட்டு ஓட்டினால், நாம் சேமித்து வைக்கிற பெயரும் முகவரியும் தம்ட்ரைவில் நிற்காது. ஓட்டிய கணினிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். நாம் சாவிக்கொத்தைச் சுழற்றிக்கொண்டு வெளியே வந்துவிடுவோம், நம் பெயர் அங்கேயே கிடக்கும். அதற்காகவே ஊர் ஊராகச் சுமந்து போக வசதியாக இன்னொரு வகை இருந்தது. அது தொடங்கும்போது விவரங்களைத் தம்ட்ரைவிலிருந்து கணினிக்குள் இறக்கும். நாம் முறையாக மூடினால் எல்லாவற்றையும் துடைத்து எடுத்துத் தம்ட்ரைவுக்குள் திரும்ப வைத்துக்கொள்ளும். முறையாக மூடினால் மட்டும். நடுவில் பிடுங்கினால் துடைக்க ஆள் இருக்காது.

"விருந்துக்குப் போன வீட்டுல லைட்ட ஆஃப் பண்ணிட்டு வரணும்ணே," என்பார் ரோஸ்லின். அவரே வேலையை முடித்ததும் வாய்விட்டு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே செய்வார். "சேவ் பண்ணியாச்சு. வெளிய வந்தாச்சு. சன்னல மூடியாச்சு. எஜெக்ட். இப்ப எடுக்கலாம்னு அது சொல்லட்டும்." அது சொல்லும்வரை தம்ட்ரைவில் கை வைக்கமாட்டார். நான் பொறுமை இழந்து, "ரோஸ், பூசையே முடிஞ்சிரும் போல," என்றால், "நீங்க சாமி கும்பிடுற வேகம் எனக்குத் தெரியும், சும்மா இருங்கண்ணே," என்பார்.

கிள்ளானில் துறைமுகச் சாலையில் ஒரு குளிர்கிடங்கு இருந்தது. மீனும் இறாலும் பெட்டி பெட்டியாக உறைந்து கிடக்கும். குளிர் குறைந்தால் அலாரம் அடித்து மேலாளருக்குச் செய்தி போகும். அந்தச் செய்தி எங்கள் சுவிட்ச் வழியாகத்தான் போக வேண்டும். ஒரு நாள் மத்தியானம் நானும் ரோஸ்லினும் அங்கே இருந்தோம். ஆபிஸில் கக் நோர்மா என்று நாங்கள் கூப்பிடும் மலாய்க்கார அக்காவின் கணினியில் ரோஸ்லின் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தார். கறுப்புத் திரை திறந்திருந்தது. தயாளன் சாரிடமிருந்து போன். ரோஸ்லின் கை வேலையாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார்.

"தங்கச்சி, எங்க இருக்கீங்க?"

"கிள்ளான்ல சார். முடியப் போகுது."

"பி.ஜே. ஃபேக்டரில எல்லாம் நின்னு போச்சு. மேனேஜர் என் உயிர வாங்குறான். கெளம்புங்க."

"இத மூடிட்டு உடனே வரேன் சார்."

"மூடுறது தெறக்குறதுலாம் அப்புறம். பிடுங்கிட்டு ஓடு தங்கச்சி. ஃபெடரல் ஹைவே ஜாம் ஆகுறதுக்குள்ள ஓடு."

ரோஸ்லின் என்னைப் பார்த்தார். நான் வேன் சாவியை எடுத்தேன். பிடுங்கிக்கொண்டு ஓடினோம். அன்றைக்கு பி.ஜே.யில் தயாளன் சார் பேரைக் காப்பாற்றினோம். "என் தங்கச்சி இருக்கும்போது எனக்கு என்ன கவல," என்று அந்த மேனேஜர் முன்னாலேயே சொன்னார். அதன் பிறகு அந்தக் கிடங்குக்கு நாங்கள் போக வேலை வரவில்லை.

சில வாரம் கழித்து, ஒரு காலையில் நானும் ரோஸ்லினும் டெங்கிலில் இருந்தோம். அங்கே ஒரு நிறுவனத்தில் பழைய சுவிட்சைக் கழற்றிப் புதியதை மாட்டும் வேலை. போகும் வழியில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு கடையில் வண்டியை நிறுத்தி நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு சாப்பிட்டோம். ரோஸ்லின் சம்பல் காரம் போதாது என்று கடைக்கார அம்மாவிடம் குறைபட்டுக்கொண்டார். அந்த அம்மா, "உங்க மூஞ்சில இருக்குற காரமே போதும்," என்று மலாயில் சொல்ல, மூவரும் சிரித்தோம். இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், இந்தக் காலையே நடக்கவில்லை என்று பிறகு ஒரு காகிதத்தில் எழுதப்பட்டது.

அதே காலையில் கிள்ளான் குளிர்கிடங்குக்குத் தயாளன் சார் தனியாகப் போயிருக்கிறார். ஏதோ சின்ன மாற்றம், தானே செய்து காட்டி மேலாளரிடம் நல்ல பெயர் வாங்கலாம் என்று. தன் தம்ட்ரைவைச் செருகிச் சாதாரணப் புரோகிராமைத் திறந்திருக்கிறார். பட்டியலில் ரோஸ்லின் பெயரோடு அந்தச் சுவிட்சின் முகவரி தயாராக நின்றது. பிடுங்கிக்கொண்டு ஓடிய அன்று துடைக்கப்படாமல் விட்டுப்போனது. அதை அழுத்தி, எல்லோருக்கும் பொதுவான கடவுச்சொல்லைப் போட்டு, ரோஸ்லினாக உள்ளே போய், வேறொரு கிளைக்கு எழுதி வைத்திருந்த கட்டளைகளை அப்படியே ஒட்டிவிட்டார். சுவிட்ச் வாயை மூடிக்கொண்டது. காபி குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார். அன்று ஒரு குளிரறையின் இயந்திரம் நின்றது. அலாரம் யாருக்கும் போகவில்லை. மறுநாள் கதவைத் திறந்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடினார்களாம்.

வாடிக்கையாளர் ஒரு பெயர் கேட்டார். சுவிட்சின் பதிவில் ஒரு பெயர் இருந்தது.

நோர்மா அக்காதான் எனக்குப் போன் செய்து மலாயில் சொன்னார். "அன்னிக்கு என் நாற்காலில ஒக்காந்தது உங்க பாஸ் பாங். ரோஸ்லின் வரவே இல்ல. இங்க எல்லாரும் ரோஸ்லின் ரோஸ்லின்னு சொல்றாங்களே?"

"விசாரணையில வந்து சொல்றீங்களா கக்?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "எங்க மேனேஜர் வாயத் தெறக்கக் கூடாதுன்னுட்டார். எனக்கும் பிள்ளைங்க இருக்கு பாங். மாஃப் லா, மன்னிச்சிருங்க." பாவம், அழாத குறை. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை.

ரோஸ்லின் பிழைப்பைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அவர் கணவர் சேவியருக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. கிள்ளானில் ஒரு டயாலிசிஸ் நிலையத்தில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் படுக்கை. அந்தச் செலவைத் தாங்கியது எங்கள் கம்பெனி கொடுத்த மருத்துவ அட்டை. ரோஸ்லினுக்கு வேலை போனால் அட்டை போகும். அட்டை போனால் என்ன ஆகும் என்று அவர் ஒரு நாளும் பேசியதில்லை. அந்த அட்டையைப் பர்ஸில் வைக்காமல், கழுத்தில் தொங்கும் அடையாளப் பாஸுக்குப் பின்னால் செருகி வைத்திருப்பார்.

விசாரணை பெட்டாலிங் ஜெயா ஆபிஸின் கூட்ட அறையில் நடந்தது. கம்பெனிக்குள்ளேயே நடத்தும் இதை டொமஸ்டிக் இன்குவாரி என்பார்கள். நீண்ட மேசை, நடுவில் ஹெச்ஆர் மேலாளர், ஒரு தமிழ் அம்மா. இரு பக்கமும் வேறு பிரிவைச் சேர்ந்த இருவர். கம்பெனி தரப்பில் குற்றச்சாட்டை எடுத்து வைப்பவர் யார் என்று நினைக்கிறீர்கள்? தயாளன் சார். அன்றைக்கு அவர் சட்டைக் கையை மடிக்கவில்லை, பொத்தான் போட்டிருந்தார். "தங்கச்சி" போய் "மிஸ் ரோஸ்லின்" ஆகியிருந்தது. நானும் "மிஸ்டர் செல்வராஜு". பேச்செல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது. நான் தமிழில் தருகிறேன்.

நான் சாட்சி. அன்று காலை ரோஸ்லின் என்னோடு டெங்கிலில் இருந்தார் என்றேன்.

"ஆதாரம் உண்டா?" என்றார் மேலாளர். டெங்கில் வாசலில் இருக்கும் காவலர் வண்டிக்கு ஒரு பெயர்தான் எழுதுவார். என் பெயரை எழுதி, பக்கத்தில் கூட ஓர் ஆள் என்று ஒரு கோடு போடுவார். அந்த ஓர் ஆள் யார் என்று காகிதத்தில் இல்லை.

"அப்படியே அவர் உங்களோடு இருந்தார் என்றால், அவர் பெயரில் கிள்ளானில் இருந்த கணினியிலிருந்து எப்படி உள்ளே போக முடியும்?"

நான் விளக்கினேன். இரண்டு வகைப் புரோகிராம், எது எங்கே எதை விட்டுவிட்டு வரும், கடவுச்சொல் எல்லோருக்கும் ஒன்றே, நடுவில் பிடுங்கினால் என்ன ஆகும் என்று, தெரிந்த இங்கிலீஷில் ஒன்றுவிடாமல் சொன்னேன். அந்த அம்மா கவனமாகக் கேட்டார், குறித்துக்கொண்டார். எனக்குள் நம்பிக்கை துளிர்த்தது. நான் முடித்ததும் பேனாவை வைத்தார்.

"அப்படியானால் மிஸ் ரோஸ்லின் பெயர் அந்தக் கணினியில் இருந்ததற்குக் காரணம், அவர் தம்ட்ரைவை முறையாக மூடாமல் பிடுங்கியது."

"சார் போன் போட்டுப் பிடுங்கச் சொன்னார். நான் பக்கத்துல இருந்தேன்."

"அது எழுத்தில் இருக்கிறதா?"

"இல்ல. அவர் எதையும் எழுதமாட்டார்."

"நான் கேட்டதற்கு ஆம், இல்லை என்று சொல்லுங்கள். பிடுங்கினாரா?"

"ஆமா."

"தம்ட்ரைவைச் செருகவே கூடாது என்ற விதியில் அவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். சரியா?"

"நாங்க எல்லாருமே போட்டிருக்கோம். எல்லாருமே செருகினோம்." என் சாவிக்கொத்தை எடுத்து மேசைமேல் வைத்தேன். "இது என்னோடது. மத்தவங்களையும் கூப்பிட்டுக் கேளுங்க."

கூப்பிட்டுக் கேட்டார்கள். ஒவ்வொருவராக வந்தார்கள். எல்லோருடைய சாவிக்கொத்தும் அன்று இளைத்துப் போயிருந்தது. தம்ட்ரைவா? நாங்கள் கம்பெனி லேப்டாப்பில்தான் வேலை செய்தோம். எந்த லேப்டாப்? தயாளன் சாரிடம் இருக்கும் லேப்டாப். கடைசியாக வந்தவன் என்னோடு ஜெஞ்சாரோமில் வெயிலில் கம்பத்தில் ஏறியவன், அவன் மகள் கல்யாணத்தில் நான் பந்தி பரிமாறியிருக்கிறேன். போகும்போது என் பக்கத்தில் குனிந்து, "ஏண்ணே எடுத்து மேசையில வச்சீங்க? வெளிய வச்சாத்தானே வெனை," என்று சொல்லிவிட்டுப் போனான். நல்ல வாசகம் எங்கே கேட்டாலும் நான் எடுத்து வைத்துக்கொள்பவன். அதையும் எடுத்து வைத்தேன்.

அதற்கு அடுத்த வாரம் ரோஸ்லின் என்னைப் பிரிக்ஃபீல்ட்ஸுக்கு வரச் சொன்னார். வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. மத்தியானக் கூட்டம், தட்டுச் சத்தம். இலையில் சோறு விழுந்தது, அவர் தொடவில்லை.

"சார் போன் பண்ணாருண்ணே."

"எழுதி அனுப்பலயே?"

"எப்போ எழுதியிருக்காரு." தண்ணீரைக் குடித்தார். "ரெண்டு வழி இருக்காம். ஒண்ணு, தம்ட்ரைவ் விஷயமா டிஸ்மிஸ். கிடங்குக்குள்ள போற என்ட்ரி பாஸ் எல்லாம் கேன்சல், போர்ட் பக்கம் வேற எந்தக் கம்பெனியும் எடுக்காது. இன்னொண்ணு, அன்னிக்கு நான்தான் கிள்ளானுக்குப் போனேன், தெரியாம தப்பா ஒட்டிட்டேன்னு எழுதிக் கொடுக்கணும். மனுஷத் தப்புன்னு ஒரு வார்னிங் லெட்டரோட விட்டுருவாங்க. வேல இருக்கும்."

"அட்டையும்."

"ஆமா. அட்டையும்."

நான் ரசத்தைச் சோற்றில் ஊற்றினேன்.

"நான் எழுதிக் கொடுத்தா, நீங்க டெங்கில்னு சொன்னது பொய்யாயிரும்ணே."

எனக்குப் பெருந்தன்மை வரவில்லை. வந்தது என்று எழுதினால் நீங்கள் நம்பலாம், நான் நம்பமாட்டேன். "எழுதிக் கொடுக்காத ரோஸ்," என்றேன். "லேபர் ஆபிஸுக்குப் போவோம். கேஸ் போடுவோம். நீ செய்யாத தப்ப நீ ஏன் ஏத்துக்கணும்?"

"கேஸ் முடியுற வரைக்கும் சேவியர் காத்திருப்பாரா?"

"நீயும் நானும் ஒரே கடையில ஒக்காந்து நாசி லெமாக் சாப்பிட்டோம். அந்தம்மா உன் மூஞ்சியப் பாத்துக் கிண்டல் பண்ணிச்சு. அதுவும் பொய்யா?"

"அதுவும் பொய்னு எழுதச் சொன்னா அதையும் எழுதுவேண்ணே." குரலை உயர்த்தவில்லை. "உங்களுக்கு வயசாயிருச்சு. இன்னிக்கு இல்லன்னா நாளைக்கு வேலைய விட்டுருவீங்க. நியாயம் பேச உங்களுக்கு நேரம் இருக்கு. எனக்கு நாளைக்கு டயாலிசிஸ் இருக்கு."

பரிமாறுகிறவர் வந்து, "அக்கா, சாப்பிடலயா? கறி புடிக்கலயா?" என்று கேட்டார். "புடிச்சிருக்கு தம்பி," என்று சொல்லிவிட்டு ரோஸ்லின் இலையை மடித்தார். வெளியே வந்து எல்ஆர்டி ரயில் படிக்கட்டு வரைக்கும் சேர்ந்து நடந்தோம். ஏறும்போது, "நான் உங்க அனுமதி கேக்க வரலண்ணே. மத்தவங்க சொல்லி உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு வந்தேன்," என்றார். அது உண்மையான மரியாதை. ஆனால் அன்றைக்கு எனக்கு அது மரியாதையாகப் படவில்லை. திரும்பி நடந்துவிட்டேன்.

எழுதிக் கொடுத்தார். அவருக்கு வார்னிங் லெட்டர் வந்தது. எனக்கும் ஒரு லெட்டர் வந்தது: விசாரணையில் உண்மைக்குப் புறம்பான வாக்குமூலம் அளித்தது, அனுமதி இல்லாத சாதனம் வைத்திருந்தது. வயது முடிந்து ஒப்பந்தத்தில் ஓடிக்கொண்டிருந்தேன், அதைப் புதுப்பிக்கவில்லை. கடைசி நாளில் தயாளன் சார் என் மேசைக்கு வந்து தோளைத் தொட்டார். விசாரணைக்குப் பிறகு முதல்முறையாக, "அண்ணே," என்றார். "மனசுல எதையும் வச்சுக்காதீங்க. குடும்பம்னா நாலும் இருக்கும்."

"சார், அத எழுதிக் கொடுங்க," என்றேன்.

சிரித்தார். நான் சிரிக்கவில்லை. இப்போது அவர் எல்லாக் கிளைகளுக்கும் பொறுப்பாளர். துளைகளைப் பசை ஊற்றி அடைக்கச் சொன்ன அறிவிப்பு அவர் பெயரில்தான் வந்தது. அவர் எழுதி நான் பார்த்த முதல் விஷயம் அது.

கறுப்புத் திரை போனதற்காக நான் வருத்தப்படவில்லை. பிரவுசரில் செய்வதுதான் பத்திரம், ஆளுக்கு ஒரு கடவுச்சொல்தான் முறை. இதையெல்லாம் ரோஸ்லின் எப்போதோ சொன்னார். ஆனால் துளையை அடைத்தவர்கள் எதை அடைத்ததாக நினைக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் கம்பெனியில் தம்ட்ரைவால் யாரும் அழியவில்லை. வாயால் சொல்லிவிட்டுக் காகிதத்தில் மறுக்கிற பழக்கத்தால் அழிந்தோம். அதற்குப் பசை கண்டுபிடித்தால் சொல்லுங்கள், கட்டைவிரலை நானும் தூக்குகிறேன்.

ரோஸ்லினை அதன் பிறகு நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். கிள்ளானில் சர்க்கரை சோதிக்க ஒரு கிளினிக்குக்குப் போயிருந்தேன். அதே வரிசையில்தான் சேவியரின் டயாலிசிஸ் நிலையம். கடைகளுக்கு முன்னால் ஓடும் ஐந்தடி நடைபாதையில் வாசல். டயாலிசிஸை முடித்துவிட்டு இருவரும் வெளியே வந்து நின்றுகொண்டிருந்தார்கள். ரோஸ்லின் கார் கதவைத் திறந்து பிடித்திருந்தார். சேவியர் என்னைப் பார்த்துவிட்டார். மெலிந்து போயிருந்தார், கையில் கட்டு. ரோஸ்லின் "வாங்க, வெயில்ல நிக்காதீங்க" என்று அவரை இழுத்தார். அவர் கேட்கவில்லை, மெல்ல நடந்து என்னிடம் வந்து, கட்டுப் போடாத கையால் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"செல்வாண்ணே. உங்கள எத்தனையோ தடவ பாக்கணும்னு நெனச்சேன். ரோஸ் எல்லாத்தையும் சொன்னா. கிள்ளான்ல அவ தப்பு பண்ணிட்டா, அவளக் காப்பாத்த நீங்க டெங்கில்ல இருந்தோம்னு பொய் சொன்னீங்கன்னு. அதுக்காக உங்க வேல போச்சுன்னு. யாருண்ணே அடுத்தவங்களுக்காக இப்படிப் பொய் சொல்லுவா? நான் தெனமும் உங்களுக்காக ஜெபம் பண்றேன்."

நான் அவர் தலைக்கு மேலாக ரோஸ்லினைப் பார்த்தேன். ரோஸ்லின் கார் கதவைப் பிடித்தபடி நின்றார். தலையைக் குனியவில்லை, கண்ணை எடுக்கவும் இல்லை. உங்கள் வாயில்தான் இருக்கிறது என்பதுபோல என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சேவியரின் கை என் கைக்குள் சில்லென்று இருந்தது. அந்த மனிதருக்கு மனைவியின் சின்னத் தப்பையும் ஒரு கூட்டாளியின் பெரிய மனதையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். அதை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல சேவியர்," என்றேன். "அட்டை இன்னும் ஓடுதா?"

"ஓடுதுண்ணே," என்றார்.